சாமியிடம் சொல்லியாயிற்று

நம்மிடையே ஒரு ஜாதி மனிதர்கள் உண்டு. அடுத்த வீட்டுக்காரனுக்குத் துரோகம் செய்துவிட்டு ஆண்டவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பவர்கள். ஆண்டவர் இரக்கமுள்ளவர். அடுத்த வீட்டுக்காரன் அப்படியா? "ஏன் செஞ்சே?" என்று திருப்பிக் கேட்டுவிடுவானே!

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிட முதல் ஆளாக முழங்காலில் நகர்ந்து போவார்கள். "நான் மகா பாவி" என்று கோயில் அதிர மார்பில் அடித்துக்கொள்வார்கள். ஆமாம், அப்படி என்ன பாவம் செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்துச் சவரிமுத்து இந்த ஜாதியின் தலைமகன். தொண்ணூறுகளில் ஒருநாள், பலாபத்வலையில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்துச் செக்கிங் செய்தார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பழனிமுத்து, ஐடென்டி கார்டை வீட்டிலேயே மறந்து வந்திருந்தான். "அண்ணனைக் கேளுங்க, நாங்க ஒரே தோட்டம்" என்று சவரிமுத்துவைக் காட்டினான். சவரிமுத்துவோ நல்ல சிங்களத்தில், "இவனை எனக்குத் தெரியாது" என்றார். இயேசுவையே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த இராயப்பர்கூடக் கொஞ்சம் தயங்கியிருப்பார்! தோட்டத்துக் கிளாக்கர் வந்து மீட்கும்வரை பழனிமுத்து பொலிஸில் கிடந்தான். அன்றோடு சவரிமுத்துவிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

சவரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும். ஆனால் தமிழ்ச் சாமியார் குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டால்? பஸ் ஏறி மாத்தளைக்குப் போய், சிங்களச் சாமியார் ஒருவரைத் தேடிப் பிடித்து, முழந்தாளிட்டு, எல்லாவற்றையும் தமிழில் கொட்டினார். அந்தப் பக்கமிருந்து சிங்களத்தில் நாலு வார்த்தை, ஓர் ஆசீர்வாதம். பாவமும் போயிற்று, மானமும் தப்பிற்று! (இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? பிற்பாடு அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.)

லயத்துக்குத் திரும்பினால் பழனிமுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மன்னிப்புச் சரியாகப் பிடிக்கவில்லை போலும் என்று அடுத்த மாதமும் போனார். அதற்கடுத்த மாதமும் போனார். அந்த முறை சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அச்சு அசல் தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க. பழனிமுத்துகிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"சாமி... உங்களுக்குத் தமிழ்..."

"நான் பொறந்து வளந்ததே தோட்டத்துக் கடையில. நீங்களா போவீங்கன்னு பாத்தேன், போற மாதிரித் தெரியல. அவன்கிட்ட போய் மன்னிப்பு கேளுங்க. அதான் ஒங்களுக்கு அபராதம்."

ஐயோ பாவம்! முள்முடி வைக்கிறேன் என்றிருந்தால் சந்தோஷமாகத் தலையை நீட்டியிருப்பார்.

பழனிமுத்துவின் வாசலில் போய் நின்றார்.

"தம்பி, அன்னைக்கு... வெயில் ஜாஸ்தி..."

"வெயிலாண்ணே சொல்லுச்சு, என்னயத் தெரியாதுன்னு?"

சவரிமுத்து உடைந்துபோனார். "நான்தான்டா சொன்னேன். பயந்துட்டேன். என்னைய மன்னிச்சிரு."

உள்ளேயிருந்து பழனிமுத்துவின் மனைவி அழகம்மா குரல் கொடுத்தாள்: "யாரு வந்திருக்கா?"

"தெரிஞ்ச ஆளுதான். தேத்தண்ணி வை."

சவரிமுத்து தேறிவிட்டார். சிரித்துக்கொண்டே வாசித்தீர்களே, நீங்கள் எப்படி? நடுவில் உங்களுக்கும் ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்குமே? அந்தப் பெயருக்குரியவரின் வாசலைத் தாண்டித்தானே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறீர்கள்?