நான் சீர்திருத்திய தோட்டம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளியே எதையாவது பார்த்துவிட்டு வந்தால், அதை நம் வீட்டிலும் செய்து பார்க்காமல் தூக்கம் வராது. பத்தொன்பது வயதில் அந்தக் குணத்தால் என் அக்கா கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் புதுச்சேரியில் விட்டுப்போன மிடுக்கை நான் மட்டும் விடவில்லை. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போய், மூன்றாவது வரன் தை மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்பேர்ப்பட்டவருக்குக் காடு மண்டிய தோட்டத்தையா காட்டுவது? கடற்கரைப் பக்கத்துத் துரை வீடுகளில் செய்வதுபோல் புல்லைச் சீராக வெட்டி, வேலி நிழலில் நாற்காலி போட்டு, அங்கேயே காப்பி கொடுப்பது என்று முடிவு செய்தேன். (என்னை யாரும் கேட்கவில்லை.)

"வேலியில பூனைக்காலி காய்ஞ்சி கெடக்குது. பட்டா அரிச்சி எடுத்துடும், அதுங்கிட்ட போவாத. ஆளு வந்து பாத்துக்கும்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. ஒரு கொடிக்கா பயம்?"

துரை வீட்டுத் தோட்டக்காரன் பாணியில் முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி சகிதம் இறங்கினேன். நாற்காலிகளை முதலில் போட்டுவிட்டு, அவற்றுக்கு மேலே தொங்கிய கொடியைப் பிறகு அடித்து வெட்டினால் என்ன ஆகும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. காய்களின் மேலிருந்த சுணைமுடி பொன் பொடியாகப் பறந்தது. வெயிலில் எவ்வளவு அழகு என்று நின்று ரசித்தேன்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் முகம் சிவந்துவிட்டது. பெண் வீட்டில் சொறிந்துகொள்வது மரியாதை இல்லையே! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோட்டு போட்ட சம்பந்தி நாற்காலிச் சட்டத்தில் முதுகை மெல்லத் தேய்த்தார். மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர். பெண்ணைப் பார்க்கும் முன்பே இப்படி உருகுகிறாரே என்று நான் பூரித்துப் போனேன்.

தட்டோடு வந்த அக்கா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். தலை குனிந்து நிற்க வேண்டியவள், தட்டை என் கையில் திணித்தாள்.

"எல்லாரும் எழுந்திருங்க! பூனைக்காலி சுணை. சொறியாதீங்க, இன்னும் ஏறும்."

மாட்டுக் கொட்டகைக்கு ஓடி இரண்டு கையிலும் சாணியை அள்ளிக்கொண்டு வந்தாள். "தடவிக் காயவிட்டு உரிச்சா சுணையும் அதோட வந்துடும்."

மாப்பிள்ளை சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக நீட்டினார். சம்பந்தி மட்டும் "நோன்! நோன்!" என்று பிரெஞ்சிலேயே மறுத்துப் பின்வாங்கினார். இரண்டே நிமிஷம். அவரே கோட்டைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினார். ("இங்க கொஞ்சம் போடும்மா... இன்னும் கொஞ்சம்.") மூன்றாவதும் போச்சு என்று அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் சொல்லியனுப்பினார்கள்: "பொண்ணு ரொம்பப் புடிச்சிருக்கு. பொண்ணோட தம்பிய நெனச்சாத்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

கல்யாணம் நடந்தது. சம்பந்தி அதற்குப் பிறகு இருபது வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து போனார். ஒரு தடவைகூட உட்காரவில்லை. தலைதீபாவளி விருந்தையே நின்றுகொண்டு சாப்பிட்ட மனிதர். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரக் கொஞ்சம் தயங்கினால் போதும், அக்கா பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "தைரியமா உக்காருங்க, மாமா சுத்தம் பண்ணல!"