பதினஞ்சு வாரம் யாரு?

“சத்தம் போடாதே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு,” என்று அக்கா தம்பியின் காதைப் பிடித்து, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“காதை விட்டாத்தானே சத்தியம் பண்ண முடியும்?”

“கிளினிக்லேர்ந்து போன் வந்துச்சுடா. வியாழக்கிழமை ஸ்கேனுக்கு வரச் சொல்றாங்க.”

“போயிட்டு வாயேன். அதுக்கு என் காது எதுக்கு?”

“மூணாவது ஸ்கேன்டா!”

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆரம்பத்திலேயே டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். “பொதுவா ரெண்டு. மூணாம் மாசம் ஒண்ணு, அஞ்சாம் மாசம் ஒண்ணு. அதுக்கு மேல, தேவைப்பட்டாத்தான்.” இரண்டும் நல்லபடியாக முடிந்திருந்தன. இப்போது ஏழாம் மாதம். அந்தத் ‘தேவைப்பட்டா’ இத்தனை நாள் ஒரு மூலையில் சாதுவாகச் சுருண்டு கிடந்தது. இன்றைக்கு எழுந்து நின்று பல்லைக் காட்டியது.

“ஏன்னு கேட்டியா?”

“கேக்கப் பயமா இருந்துச்சு. சரிங்கன்னு வச்சுட்டேன்.” அக்கா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அம்மாவுக்குத் தெரிஞ்சா தெரு முழுக்கத் தெரிஞ்சுடும். உங்க அத்தானுக்குத் தெரிஞ்சா நடுக்கடல்ல கப்பலைத் திருப்பச் சொல்வார். அப்பாவைப் பத்திச் சொல்லவே வேணாம்.”

சொல்லவே வேண்டாம்தான். அப்பா உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தில் வாய் திறக்க மாட்டார், விசில்தான் பேசும். வீட்டில் விசிலும் கிடையாது, ‘ம்’ ஒன்றுதான். ரொம்ப அவசியமென்றால் தொண்டையை நன்றாகக் கனைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து உறுமுகிற மாதிரி ஒரு வாக்கியம் வரும். இந்த வருடத்துக்கான வாக்கியம் அஞ்சாம் மாத ஸ்கேன் முடிந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் வந்துவிட்டது. “ரெண்டு போதும். குழந்தையைச் சும்மாச் சும்மா எட்டிப் பாக்கக் கூடாது.” அதற்கு மேல் அங்கே அப்பீல் இல்லை.

தம்பிக்கு வயது பதினைந்து. அவனோடு படிக்கிறவர்களெல்லாம் குரல் உடைந்து, லாரி இரைகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மட்டும் இன்னும் மெல்லிய கம்பி மாதிரி ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் ‘கீச்சான்’ என்றுதான் பெயர். வீட்டுப் போனை அவன் எடுத்தால் மறுமுனையில் எல்லோரும் ‘அம்மா இருக்காங்களாம்மா?’ என்றுதான் கேட்பார்கள்.

மறுநாள் அவன் ரகசியமாக இணையத்தில் தேடிப் பார்த்தான். ஒரு பக்கம் இரண்டு போதும் என்றது. இன்னொன்று மூன்று என்றது. மூன்றாவது பக்கம் மாதாமாதம் என்றது. எல்லாமே கடைசி வரியில் ‘உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்’ என்று கையைக் கழுவிக்கொண்டன. சரி, கேட்டுவிடுவோம் என்று வீட்டுப் போனை எடுத்தான்.

“சொல்லுங்கம்மா,” என்றாள் கிளினிக் வரவேற்பு மேஜைக்காரி, எண்ணைப் பார்த்ததுமே.

“அந்த... மூணாவது ஸ்கேன்...”

“ஆமாம்மா, வியாழக்கிழமை போட்டிருக்கு. இப்ப எப்படி இருக்கு? இன்னிக்காவது அசைவு நல்லாத் தெரியுதா?”

‘இன்னிக்காவது’ என்ற வார்த்தை அவன் காலைத் தடுக்கியது. அப்படியென்றால் நேற்றெல்லாம் தெரியவில்லையா? நான் தம்பி என்று சொல்ல வாய் திறந்தவன், பதற்றத்தில் தன் வயிற்றையே தொட்டுப் பார்த்தான். மதியம் சாப்பிட்டதுகூட அசையாமல் கிடந்தது.

“தெரியலையே,” என்றான்.

“தெரியலையா? அப்ப வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்குக் காலையிலேயே வந்துடுங்க. நடுவுல எதாச்சும் ஒரு மாதிரி இருந்துச்சுன்னா உடனே வந்துடணும். துணைக்கு ஒரு பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க. பயப்படாதீங்கம்மா!”

போனை வைத்தான். விசாரிக்கப் போனவன் அவசர நோயாளியாகித் திரும்பியிருந்தான்.

அக்காவிடம் போய், “கிளினிக்லேர்ந்து கூப்பிட்டாங்க. வியாழக்கிழமை மெஷினை சர்வீஸுக்கு விடறாங்களாம். நாளைக்கே வரணுமாம்,” என்றான்.

“அதுக்கு நீ ஏண்டா நெளியற?”

“நெளியல. நிக்கறேன். அக்கா, பாப்பா... அசையுதா?”

“அசையறதா? இப்பத்தான் விலாவுல ஒரு உதை விட்டுது. ஃபுட்பால் டீம்ல சேத்துடலாம்.”

தம்பிக்குப் பாதி உயிர் வந்தது. அசைவு இருக்கிறது. ஆக, தான் சொன்னதுதான் தப்பு, திருத்திவிட்டால் போதும். நேராகப் போனுக்கு ஓடினான்.

“ஏங்க, முன்னாடி பேசினது நான்தாங்க. ஆனா அவங்க நான் இல்லீங்க. அவங்களுக்கு நல்லாவே அசையுது. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை.”

மேஜைக்காரி ஒரு நொடி யோசித்தாள். “ஓ! அவங்க வேற, நீங்க வேறயா? அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”

“அவங்க எனக்கு அக்கா.”

“அப்படிச் சொல்லுங்க. குரல் ஒண்ணு போலவே இருக்கு. உங்களுக்கு எத்தனை ஆகுது?”

வயதைக் கேட்கிறாள் என்று நினைத்து, “பதினஞ்சு,” என்றான்.

“அட, பதினஞ்சு வாரத்துல எங்கம்மா அசைவு தெரியும்? முதல் குழந்தையா? இன்னும் ஒரு மாசம் ஆகும். இதுக்குப் போய்க் கலங்கறீங்களே! சரி, நாளைக்கு அக்காவோடயே வந்துடுங்க. உங்களையும் ஒரு தடவை பாத்துடலாம். தண்ணி நல்லாக் குடிச்சுட்டு வாங்க.”

“இல்லீங்க, நான் வந்து...”

“வெக்கப்படாதீங்கம்மா. இந்த நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்,” என்று அன்பாகச் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் போன் மறுபடி அடித்தது. தம்பி கூடத்தைத் தாண்டிப் பாய்வதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

“ஆமா, அவங்க அம்மாதான் பேசறேன்... என்னது, ஸ்கேனா? நாளைக்கா?... என்னது? ரெண்டா?” அம்மாவின் கண் விரிந்துகொண்டே போனது. “ரெண்டையும் சேத்தே பாத்துடறீங்களா? மகராசி, நீ நல்லா இரும்மா!”

போனை வைத்த அம்மா, அக்காவைத் தலையோடு கால் பார்த்தாள். “ஏண்டி கள்ளி! ஸ்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? ரெட்டைப் புள்ளையாமே!”

“என்னது?” என்றாள் அக்கா.

“என்னது?” என்றான் தம்பி, அவளை விட மெல்லிய குரலில்.

அப்பா நாளிதழைக் கீழே இறக்கினார். “ம்?”

“அம்மா, அஞ்சாம் மாசம் ஒண்ணுதானே தெரிஞ்சுது?” என்று தம்பி தடுத்துப் பார்த்தான்.

“இன்னொண்ணு பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். எல்லாம் உங்க அப்பா வழி. ஆளு இருக்கறதே தெரியாம இருக்கறதுல கெட்டிக்காரங்க.” அம்மா ஏற்கெனவே போனில் அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்குள் தெருக்கோடியில் இருக்கிற தையல்காரி வரை செய்தி போய்விட்டது. அவள் குழந்தைச் சட்டையெல்லாம் ஜோடியாகத் தைக்கத் துணியும் வெட்டிவிட்டாள்.

இதையெல்லாம் தம்பி தாங்கிக்கொண்டிருப்பான். அக்கா வந்து அவன் தலையைக் கோதினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அப்பாடா! ரெட்டைன்னா அடிக்கடி ஸ்கேன் எடுப்பாங்களாம்டா. அதான் மூணாவது. குழந்தைக்கு எதுவோன்னு ரெண்டு நாளா செத்துச் செத்துப் பொழைச்சேன்.”

இப்போது உண்மையைச் சொன்னால், அந்த மூன்றாவது ஸ்கேன் மறுபடி காரணமே இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். சொல்லாவிட்டால், காலையில் ஒரு குழந்தையைக் காணோம் என்றாகிவிடும். தம்பி இரண்டுக்கும் நடுவில் விழி பிதுங்கிப் போய், “ஹி ஹி,” என்றான்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். “நானும் வரேன்,” என்று உறுமினார். ஒரே வருடத்தில் இரண்டாவது வாக்கியம். வீடே திரும்பிப் பார்த்தது.

காலையில் நாலு பேரும் கிளினிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்கக் கொழுகொழு குழந்தைப் படங்கள். அம்மா எதிரில் இருந்த கர்ப்பிணிகளிடம் ரெட்டைப் பிள்ளைக் கதையை இரண்டாவது சுற்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அசையாமல் ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாளே என்ற பயத்தில் இரண்டு பாட்டிலைக் காலி செய்திருந்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

அக்காவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மேஜைக்காரி எழுந்து நின்று, “அடுத்து, பதினஞ்சு வாரம்! பதினஞ்சு வாரம் யாரு?” என்றாள்.

யாரும் எழவில்லை. கர்ப்பிணிகள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏழு மாச அக்காகூட வந்தாங்களே, தங்கச்சி! முதல் குழந்தை! வெக்கப்படாம வாங்கம்மா.”

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். “எங்க வீட்டுல தங்கச்சியே கிடையாதும்மா. இவன் ஒருத்தன்தான்.”

தம்பிக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. ஒன்று மனசாட்சி, இன்னொன்று அந்த இரண்டு பாட்டில். முதலில் உடைந்தது மனசாட்சிதான்.

“நான்தாங்க,” என்றான்.

மேஜைக்காரியின் கையிலிருந்த பேனா விழுந்தது. “அய்யய்யோ, இந்தக் குரல்தான்!”

“நான் கர்ப்பம்னு சொல்லவே இல்லீங்க! வயசைத்தான் சொன்னேன்!”

கர்ப்பிணிகளில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப, ரெண்டு பேருக்கு ஸ்கேன்னு சொன்னது...” என்று தொடங்கி அம்பு மாதிரி எழுந்தாள். “அந்த ரெண்டாவது நீயாடா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனேடா பாவி!”

அந்த நேரம் பார்த்து அறைக்கதவு திறந்தது. அக்காவும் பின்னாலேயே டாக்டரம்மாவும் வந்தார்கள்.

“ஒரே குழந்தைதான், ஜம்முனு இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “நான் பாக்கப் பாக்க என் கையையே உதைக்குது. அசைவு இல்லைன்னு யாரு சொன்னது?”

அக்கா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள். “அப்ப எதுக்கு டாக்டர் மூணாவது ஸ்கேன்?”

“என்னைக் கேட்டா? நான் தேவைன்னு சொல்லவே இல்லையே. நீங்க போன் பண்ணிக் கேட்டீங்கன்னு இந்தப் பொண்ணுதான் சொன்னா. ஏழாம் மாசம் வளர்ச்சி பாக்க ஒண்ணு எடுக்கறதும் உண்டு, வரட்டும்னேன். மூணு, நாலு எடுத்தவங்களும் சுகமாப் பெத்துட்டுப் போயிருக்காங்கம்மா. எண்ணிக்கையைப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா?”

“நான் போன் பண்ணவே இல்லையே!”

ஒரே நேரத்தில் எல்லாத் தலைகளும் தம்பி பக்கம் திரும்பின.

“சத்தியமா மூணாவது நான் இல்லை!” அவன் குரல் இன்னும் ஒரு கட்டை மேலே ஏறியது. “நான் பேசினது அதுக்கப்புறம்! அது எதுக்குன்னு கேக்கத்தான் பேசினேன்!”

“இன்னும் பொய்யாடா? வாயும் வயிறுமா இருக்கறவளை இப்படியா அலற வைப்பே? இந்தக் கீச்சுக்குரல் வேற யாருக்குடா இருக்கு நம்ம வீட்டுல?” அம்மா கையை ஓங்கினாள்.

அப்பா எழுந்தார். தொண்டையைக் கனைக்க நேரம் இருக்கவில்லை.

“அவனை விடு! அவன் மேல ஒரு தப்பும் இல்லை!”

கம்பி போல மெல்லிசாக ஒரு குரல் எழும்பி, கண்ணாடிக் கதவில் மோதி, சுவரில் இருந்த குழந்தைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. தம்பி தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மூடித்தான் இருந்தது.

மேஜைக்காரி அப்பாவின் மீசையை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

“டாக்டர், ‘எனக்குத் தூக்கமே வரலை, இன்னும் ஒரே ஒரு தடவை குழந்தையைப் பாத்துச் சொல்லுங்க’ன்னு போன வாரம் போன்ல தேம்பித் தேம்பி அழுதாங்களே, அந்த அம்மா இவங்கதான்!”