பெண் வீட்டாருக்கு டார்ட்டில்லா

கல்ஃபுக்கு வந்து ரூமில் தங்கி ஆறு மாதம் சப்பாத்தி தேய்த்துவிட்டால் போதும், உலகத்தில் தட்டையாக இருக்கிற எதையும் தன்னால் சுட்டுவிட முடியும் என்று ஓர் ஆண்பிள்ளை நம்ப ஆரம்பித்துவிடுவான். நானும் நம்பினேன். என் சப்பாத்திக்கு ரூமில் "இலங்கை மேப்" என்று பெயர் என்பது வேறு விஷயம்.

அப்போது துபாயில், தேரா பகுதியில் ஒரு டிரேடிங் கம்பெனியில் எனக்கு வேலை. முருகேசன் அண்ணனோடு ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தேன். அண்ணன் புதுக்கோட்டைக்காரர், ஏசி மெக்கானிக், ஆள் நல்ல கனம். எங்கள் சமையலறையில் இருந்த ஒரே மிக்ஸி அவருடையது. ஊரிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். குழந்தையைக்கூட அப்படி யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

கோயம்புத்தூரில் இருந்த என் அக்கா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பார்ட்டியில், மெக்சிகோ ஓட்டல் ஒன்றில், ரொட்டிக்குள் கறியை மடித்துத் தருகிற டாக்கோவைக் கையில் பிடித்து நான் நிற்கிற போட்டோ ஒன்று உண்டு. அதை வரன் பக்கத்தில் போட்டு, கீழே "பொழுதுபோக்கு: வெளிநாட்டுச் சமையல்" என்று எழுதிவிட்டாள்.

"ஏன்க்கா இப்படிப் போட்ட?"

"சும்மா கெட. உன்ற பொழுதுபோக்கு தூங்கறதுன்னு போடட்டுமா?"

அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நித்யா வீட்டிலிருந்து பேசினார்கள். பூர்வீகம் திருநெல்வேலி. பெண் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஷார்ஜா. வீடியோ காலில் அவள் முகமும், அவள் தோளுக்குப் பின்னால் அவள் அப்பாவின் பாதி முகமும் தெரிந்தன.

"டாக்கோஸ் பண்ணுவீங்களாமே! அதுக்கான ரொட்டி, டார்ட்டில்லா, கடையில வாங்குவீங்களா, நீங்களே பண்ணுவீங்களா?" என்றாள்.

"நானேதாங்க. கடைல விக்கறதெல்லாம் ரப்பருங்க."

"கோதுமையா, கார்னா?"

"கார்ன்தாங்க. கோதுமைல போட்டா அது சப்பாத்திங்களே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என் கெட்ட காலம். இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், "மக்காச்சோளத்த நானே வேக வெச்சு, ஊற வெச்சு, அரைச்சுத்தான் போடுவேனுங்க" என்று சேர்த்துவிட்டேன். எங்கேயோ படித்தது. பின்னாலிருந்த பாதி முகம் முழு முகமாகி முன்னால் வந்தது.

"அப்பம் வார ஞாயித்துக்கிழம மத்தியானம் தம்பி கையால சாப்பிட்டுருவோம்" என்றார் அவள் அப்பா.

போனை வைத்த கையோடு சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். டப்பாவில் "கார்ன் ஃப்ளவர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். இறுக்கிப் பிடித்தால் கல். கையைத் திறந்தால் கஞ்சி. உருட்டினால் உருண்டை, வைத்தால் குளம். இதோடு நான் மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு முருகேசன் அண்ணன் சொன்னார்: "டேய், அது சூப்பு கெட்டியாகப் போடுற மாவுடா."

அப்புறம்தான் யூடியூப் பார்த்தேன். மெக்சிகோக்காரர்கள் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, தோல் போகக் கழுவி, அரைத்துப் பிசைகிறார்கள். சுண்ணாம்பு என்றால் நம் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பேதான். இதை முன்பே தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

காய்ந்த மக்காச்சோளம் ஒரு பறவைத் தீவனக் கடையில்தான் கிடைத்தது. மூட்டையின் மேல் புறா படம் போட்டிருந்தது. கடைக்காரர், "கித்னா கபூதர் ஹை பாய்?" என்று கேட்டார். எத்தனை புறா வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். என் மனம் முழுக்க விருந்தாளிகளிலேயே இருந்ததால், "தீன்" என்றேன். மூன்று. அப்பா, அம்மா, பெண். (இந்த மூட்டை விஷயம் என் மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.)

சுண்ணாம்பு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. துபாயில் வெற்றிலை பாக்குக்குக் கெடுபிடி அதிகம். சூக் என்கிற மசாலாக் கடைத்தெருவில் ஒரு கீழக்கரைக்காரர் கடையில் போய், ஏலக்காய் வாங்க வந்தவன் போல நின்று, அவர் ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்று கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டேன்.

"காக்கா, சுண்ணாம்பு இருக்குங்களா? வாயில போடற மாதிரி?"

அவர் சட்டென்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "மாஃபி, மாஃபி. வெத்தல சமாச்சாரமெல்லாம் நம்ம கடையில கெடையாது."

"வெத்தலைக்கு இல்லீங்க. டார்ட்டில்லாவுக்கு."

"அதுக்கு இப்ப அப்படி ஒரு பேரு வச்சிட்டானுவளா?" என்று ரொம்பவும் வருத்தப்பட்டார்.

என் கல்யாணமே அதில்தான் இருக்கிறது என்று கதை முழுவதையும் சொன்னேன். நம்பினாரோ, தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து கையில் திணித்தார். "யல்லா, போயிரு. இந்தப் பக்கம் திரும்பி வராத."

சனிக்கிழமை சாயங்காலம் சோளத்தை அடுப்பில் ஏற்றினேன். யூடியூபில் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தார்கள். முதல் தடவைதானே, தாராளமாக இருக்கட்டும் என்று டப்பாவையே கவிழ்த்தேன். சோளம் கனகாம்பரக் கலருக்கு மாறியது. ஃபிளாட் முழுக்கப் பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டு வாசனை. மறுநாள் காலையில் பலமுறை அலச வேண்டும் என்று வீடியோவில் இருந்தது. சத்து போய்விடுமே என்று ஒரே தடவை அலசி நிறுத்திக்கொண்டேன்.

மிக்ஸி முதல் ஈடு சோளத்தை முனகிக்கொண்டே அரைத்தது. முருகேசன் அண்ணன் ஒவ்வொரு முனகலுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அழுத்துவதற்கு மெஷின் இல்லை. மாவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அண்ணனை உட்காரச் சொன்னேன். அவர் லுங்கியை மடித்துக்கட்டி உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். நான் கல்லில் போட்டுச் சுட்டு எடுக்க, கொஞ்ச நேரத்தில் ஓரம் வெடித்த பத்துப் பன்னிரண்டு டார்ட்டில்லா தயாராகிவிட்டன.

"மத்தியானம் அந்தப் பொண்ணு வந்து மெஷின் எங்கன்னு கேட்டா என்னடா சொல்லுவ?" என்றார்.

அந்த வெற்றியோடு நிறுத்தியிருக்கலாம். பெண் வீட்டாருக்குக் குறைந்துபோனால் மரியாதையா? தோசைக்கல்லில் எண்ணெயைத் தடவி, அடுப்பை முழுசாக வைத்துவிட்டு, அடுத்த ஈடு சோளத்தை ஜாரில் அள்ளிப் போட்டேன். மிக்ஸி ஒரு தடவை அலறியது. அடியிலிருந்து நீலப் புகை கிளம்பியது. "ஐயோ, என் மிக்ஸி!" என்று அண்ணன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். நாங்கள் இரண்டு பேரும் மிக்ஸிக்கு முதலுதவி செய்துகொண்டிருக்க, கவனிப்பாரில்லாத தோசைக்கல்லும் தன் பங்குக்குப் புகைய ஆரம்பித்தது. அடுப்பை அணைத்தேன். அதற்குள் கட்டடத்தின் ஃபயர் அலாரம் அடித்துவிட்டது.

கட்டடமே இறங்கி ரோட்டில் நின்றது. தலையில் ஷாம்பு நுரையோடு ஒரு பாகிஸ்தானி, மூன்று பிள்ளைகளோடு ஒரு பிலிப்பினோ குடும்பம், லுங்கியும் பனியனுமாக நம் ஆட்கள் நிறையப் பேர். கூட்டத்துக்கு முன்வரிசையில், கையில் தோசைக்கரண்டியோடு நான். சரியாக அப்போதுதான் டாக்ஸி வந்து நின்றது. பட்டுப்புடவையில் அம்மா, மல்லிகைப் பூவோடு நித்யா, இனிப்பு டப்பாவோடு அப்பா.

"என்னாச்சு தம்பி?" என்று பதறினார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. ஃபயர் டிரில் போலிருக்குதுங்க."

அந்த நிமிஷம் பார்த்து மலையாளி வாட்ச்மேன், "எல்லாரும் மேல போகாம்! தீ ஒண்ணும் இல்லா! மூணாம் ஃபுளோர்ல ரொட்டி சுட்டதாணு!" என்று கத்தினான். ஷாம்பு நுரைக்காரர் என் கரண்டியைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள்.

நித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான், சிரிக்கிறாள் என்று புரிந்தது.

மேலே போனோம். மிச்சமிருந்த டார்ட்டில்லாவில் கோழிக்கறியை வைத்துப் பரிமாறினேன். அம்மா ஒரு வாய் கடித்தார். கண் விரிந்தது. தண்ணீர் டம்ளரைத் தேடினார். "நாக்கு பொத்துப் போச்சே!" என்றார். நித்யா நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டாள். அவள் அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நிதானமாக, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஒதுக்கி ஒதுக்கி மென்றார்.

"தம்பி, கையலம்பணும். எங்கன்னு காட்டுங்க" என்று எழுந்து என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"இது வெத்தலச் சுண்ணாம்புல்லா!" என்றார் ரகசியமாக. குரல் தழுதழுத்தது. "எங்க கெடச்சுது?"

"மாமா..."

"நான் வெத்தலய விட்டு வருசக்கணக்காச்சு தம்பி. நித்யா அம்ம என் வாயத் தெறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுல்லா பாப்பா! அந்தக் கட மட்டும் எதுன்னு சொல்லிரும்."

கீழக்கரைக்காரரிடம் வாங்கிய பேச்சு ஞாபகம் வந்தது. ஆனால் நித்யாவின் சிரிப்பும் ஞாபகம் வந்தது. கடை இருந்த சந்தைச் சொல்லிவிட்டேன். அவர் வெளியே போய் மனைவியிடம், "பையன் நல்ல விவரமான பையன். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். எதற்காக இந்தப் பாராட்டு என்று அந்த அம்மாவுக்கு விளங்கவே இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் முருகேசன் அண்ணனுக்குப் புது மிக்ஸி வாங்கிக் கொடுத்தாள் நித்யா. "எல்லாரும் தீன்னா பாஸ்போர்ட்ட எடுத்துட்டு ஓடுவாங்க, இவரு தோசைக்கரண்டிய எடுத்துட்டு ஓடியாந்தாரு" என்று தோழிகளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாமனார் வீட்டில் எனக்குச் சுண்ணாம்பு மாப்பிள்ளை என்று பெயர். விசேஷங்களில் தாம்பூலத் தட்டு என் பக்கம் வரும்போதெல்லாம் மாமியார் முந்திக்கொண்டு சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். "மாப்ளைக்குக் கை தாராளம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தட்டிலிருந்து இரண்டு வெற்றிலை காணாமல் போயிருக்கும். மாமனார் என்னைப் பார்க்கவே மாட்டார். நானும் அவரைப் பார்க்க மாட்டேன்.