பூஜை அறையில் பாடியவள்

எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டின்போது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொஞ்ச நேரத்துக்கு, மைசூரின் பெரிய பாடகியாக இருந்தேன். எல்லாம் புதிதாக வாங்கிய மியூசிக் ப்ளேயர் செய்த வேலை.

மைசூரில் ஹெப்பாள் பகுதியில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் பாட்டுக் கேட்டால் நடுவில் மேனேஜர் கூப்பிட்டுவிடுகிறார் (பல்லவி முடிவது அவருக்கு எப்படித்தான் தெரியுமோ). அதனால் தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளேயரும், காதில் செருகிக்கொள்ள ஒயர் இல்லாத இயர்பட்ஸும் வாங்கினேன். வாங்கிய அன்றே அம்மா மடக்கிவிட்டாள். அவளுடைய பஜனை டீச்சர் தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடி அனுப்பிய பாட்டுகளை அதில் ஏற்றி, பூஜை அறையிலிருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்துக் காட்டச் சொன்னாள். இணைத்தேன். பிரிக்கத்தான் மறந்துவிட்டேன்.

மறுநாள் வத்ஸன் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் வத்ஸனும் சில மாதங்களாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம்; எனக்கு அவனை ரொம்பவே பிடித்திருந்தது. ஆனாலும் நான் உள்ளே ஒளிந்திருந்து காபித் தட்டோடு வெளிப்பட வேண்டும் என்கிற சம்பிரதாயத்தை எங்கள் ஐயங்கார் குடும்பம் விடுவதாக இல்லை. வத்ஸன் ஒன்று மட்டும் எச்சரித்திருந்தான்: அவன் அம்மாவுக்குப் பொய் சொன்னால் ஆகவே ஆகாது. ஏற்கெனவே ஒரு ஜாதகம், வயதைக் குறைத்துச் சொன்னதால் திரும்பிப் போயிருந்தது.

கூப்பிடும்வரை பின் அறையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பாட்டுக் கேட்டால் தேவலை என்று இயர்பட்ஸைச் செருகி, ப்ளேயரை அமுக்கினேன். சத்தமே இல்லை. வால்யூமை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். ஏமாந்துவிட்டோம் என்று நொந்துபோய் அணைத்து வைத்தேன்.

காதை இயர்பட்ஸ் அடைத்திருந்ததால் கூடத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடியிருந்த பூஜை அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் பாட ஆரம்பித்திருக்கிறது. போகப் போகக் குரல் ஓங்கியிருக்கிறது. வத்ஸனின் அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பெருமாள் முன்னால் பாடுவது பெண்தானே என்று கேட்டிருக்கிறார். என் அம்மா அடுப்படியில் பாலோடு போராடிக்கொண்டிருந்தாள். தனியாக மாட்டிக்கொண்ட அப்பா, என் குரலை நன்றாக அறிந்த அப்பா, "ஏதோ சுமாராப் பாடுவா" என்று சொல்லிவிட்டார்.

பூஜை அறைக்குச் சமையலறைப் பக்கமும் ஒரு கதவு உண்டு. அதனால் நான் சமையலறையிலிருந்து தட்டோடு வந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

"பாதியில நிறுத்திட்டயேம்மா," என்றார் மாமி, அதாவது வத்ஸனின் அம்மா. "மிச்சத்தையும் இங்கயே சும்னே, சும்மா பாடேன்."

எந்த மிச்சம்? அப்பாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று பாதி புரிந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா பொய்யர். பாடினால் கல்யாணமே காலி. அப்பாவை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

பூஜை அறைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி நிதானமாகச் சொன்னாள்: "பேட்டரி லோ. ப்ளீஸ் சார்ஜ்."

மாமி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். உள்ளே பெருமாளும், பக்கத்தில் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு ஸ்பீக்கரும் மட்டுமே இருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குப் பாடவே வராது, அது அம்மாவின் டீச்சர், அப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

மாமி பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார்.

"அப்பாடா," என்றார். "எங்காத்துல ஒருத்தருக்கும் பாட்டு வராது. இப்பேர்ப்பட்ட குரலோட ஒரு மாட்டுப்பொண்ணு வந்து தினம் கார்த்தால பாட ஆரம்பிச்சா, நானும் கூடப் பாடணுமேன்னு பயந்தே போயிட்டேன்."

அப்புறம் அப்பாவிடம் திரும்பி, இனிமேல் இப்படிச் சொல்லாதீர்கள் என்றார். அப்பா அந்தக் கணமே கைகூப்பிவிட்டார். வத்ஸன் சிரித்த சிரிப்பில் காபி முழுக்க அவன் சட்டையில் இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது நான் அந்த வீட்டு மாட்டுப்பெண். ஊரே தசராவைக் கொண்டாடும்போது நாங்கள் வீடு வீடாகக் கொலு பார்க்கப் போகிறோம். போன இடத்திலெல்லாம் சுண்டலைக் கையில் கொடுக்குமுன் என்னைப் பாடச் சொல்கிறார்கள். உடனே, பொய் சொன்னால் ஆகவே ஆகாத என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறார்:

"அவ சார்ஜ்ல இருக்கா."