உறங்காத கரடிக்கு ஓர் உறக்கச் சான்றிதழ்

வன்னிக் காட்டில் தாயை இழந்த கரடிக்குட்டி ஒன்றை வளர்த்து மீண்டும் காட்டில் விடுவதென்று திட்ட அலுவலகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அதற்கான கையேடு ஒரு பனிநாட்டிலிருந்து வந்திருந்தது. கரடி குளிர்மலையில் வாழும் என்று அதில் எழுதியிருந்தபடியால், வெயில்காட்டுக் குட்டியை லொறியில் ஏற்றி, மலைநாட்டில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோப்பில் அதன் பெயர் ‘மறுவாழ்வுப் பயனாளி இலக்கம் ஒன்று’. காவலுக்கு வைத்த கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு, தோட்டத்து உதவி மேலாளரைச் சொல்வதுபோல, அதைச் சின்னதொரை என்று கூப்பிட்டாள். வேலை செய்யாமல் தின்றுவிட்டு உறுமுகிறதே, வேறு என்ன பெயர் வைப்பது?

குட்டி கொழுத்தது. கறையான் புற்றைத் தானே பிய்த்துத் தின்னப் பழகியது. இனிக் காட்டுக்கு அனுப்பலாம் என்று அம்மாக்கண்ணு சொன்ன அன்று, திட்ட அதிகாரி குகநேசன் கையேட்டைப் புரட்டினார்.

“குளிர்காலத்தில கரடி மூண்டு மாசம் நித்திரை கொள்ளோணும். கொண்டதெண்டு சான்றிதழ் இருந்தால்தான் விடலாம்.”

“இது அந்த ஊர்க் கரடி இல்லீங்களே ஐயா. ராப்பகலா ஆட்டம் போடுது.”

“கரடி எண்டால் கரடிதான். தை முடிய மிருக டொக்டர் வருவா. நித்திரை இல்லையெண்டால் மிருகக்காட்சிக் கூடுதான். ஆயுளுக்கும்.”



அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. பயனாளி உறங்குவதற்குச் சிமெந்தில் ஒரு குகை கட்டப்பட்டது. உறக்கம் கெடாதிருக்கும் பொருட்டுக் வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்கு ஊதும் சங்கு நிறுத்தப்பட்டது. கோயிலில் தப்படிக்கத் தடை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளை அழுதால் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். தோட்டமே வாயில் விரலை வைத்துக்கொண்டு நடந்தது. சின்னதொரை மட்டும் தகரத்தைத் தட்டித் தாளம் போட்டது.

டொக்டர் கிருஷாந்தி வந்த அன்று, அம்மாக்கண்ணு குட்டியைக் கித்துள் கருப்பட்டியோடு விறகுக் கொட்டிலில் அடைத்தாள். தன் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குகைக்குள் சுருண்டு படுத்தாள். உறங்கும் கரடிக்கு வெளிச்சம் காட்டலாகாது என்பது கையேட்டின் ஏழாம் விதி. ஆகவே டொக்டர் இருட்டில் கையை மட்டும் விட்டுத் தடவிப் பார்த்தார். கொழுந்து பறித்த நாற்பது வருஷத்தில் யாரும் அவளை அத்தனை அக்கறையாகத் தொட்டுப் பார்த்ததில்லை. சுகமாக இருந்தது. நிஜமாகவே உறங்கிப்போனாள், குறட்டை வேறு.

வெளியே டொக்டர் போட்ட சத்தத்தில்தான் விழித்தாள்.

“நித்திரை நல்லாக் கொள்ளுது. ஆனால் எலும்பும் தோலும்! முழங்கால் வீக்கம், முதுகு கூனல், உள்ளங்கையெல்லாம் வெடிப்பு. உடம்பு சில்லெண்டு கிடக்குது, ரத்தமே இல்லை. இத்தனை காலம் இதை வளர்த்தது ஆர்? விசாரணை வைக்கோணும்.”

அதுவரை ‘நாங்கதான் வளர்த்தோம்’ என்று படம் பிடித்துக்கொண்டிருந்த தோட்டத்துத் துரையும் தொழிற்சங்கத் தலைவரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.  டொக்டரின் வாகனம் வளைவு திரும்புமுன் குகநேசன் சான்றிதழில் முத்திரை குத்தி, பயனாளியை உடனே காட்டுக்கு அனுப்ப உத்தரவிட்டார். கரடி இல்லாவிட்டால் விசாரணை ஏது? அம்மாக்கண்ணு குகையிலிருந்து நழுவி, கொட்டிலில் கிடந்த சின்னதொரையை லொறிக் கூண்டில் ஏற்றினாள். எலும்பும் தோலுமான அந்தக் கரடி கூண்டை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. லொறி மறையும்வரை அம்மாக்கண்ணு அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரி வரிசையில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

“முழங்கால் வீக்கம், முதுகு கூனல், ரத்தமில்ல. நேத்து கரடியப் பாக்க வந்த டொக்டரம்மா சொன்னாங்கய்யா.”

மருந்து கொடுக்கும் நிரஞ்சன் சிரித்தார். “அது கரடிக்குச் சொன்னதும்மா. கரடிக்கு வந்தா வியாதி. ஒங்களுக்கு வந்தா வயசு.”

இரண்டு பனடோல் மாத்திரையை வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள். “ஐயா சொல்றதும் நியாயந்தானே” என்றார்கள், வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.