மாமியார் கண்

கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியில் ஏதோ உரசியது. கடிகாரம் பழுது பார்ப்பவர் அதைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினார். மறுபடியும் உரசியது. திறந்து கிடந்த கைக்கடிகாரத்தின் பற்சக்கரங்களுக்குக் குறுக்கே கறுப்பாக, கம்பி கம்பியாக என்னவோ அசைந்தது. அவர் இமைக்காமல் இருந்தால் சும்மா இருந்தது. இமைத்தால் படபடத்தது.

அவருடைய சொந்த இமை முடிதான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவர் மனைவியிடம் முகத்தை நீட்டினார். "இடது கண்ணைக் கொஞ்சம் பாரேன்."

அவள் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். ஓர் எட்டு பின்னால் போனாள்.

"எங்கம்மா கண்ணு," என்றாள்.

"என்ன உளர்றே?"

"எங்கம்மாவோட இடது கண்ணு. அப்படியே இருக்கு."

அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். அவர் பூனைக்கண்காரர். வலது கண் எப்போதும் போலத் தேன் நிறத்தில் இருந்தது. இடது கண் கறுத்துப் போயிருந்தது. அதன் இமையும் கறுத்து, முடி நீண்டு வளைந்திருந்தது. வலது கண் பாவம், அவரோடு சேர்ந்து பயந்தது. இடது கண் பயப்படவில்லை. அது அவரைப் பார்த்தது.

அந்தப் பார்வை அவருக்குப் பழக்கம்தான். போன வருஷம் காலமான மாமியார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் பார்த்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மருமகன் நுழைந்ததும் முகத்தைத் திருப்பி இமைக்காமல் பார்ப்பார். இவர் நடந்தால் அந்த முகமும் கூடவே திரும்பும். இவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பு வராது. தன் பெண்ணுக்கு இவன் லாயக்கில்லை என்ற தீர்ப்பாகவே மருமகன் அதை எடுத்துக்கொண்டார்.

கடையிலிருந்து எடுத்து வந்த சின்னக் கத்தரியால் இமை முடியை ஒட்ட நறுக்கினார். முடி குத்திட்டு நின்றது. கண் இன்னும் பெரிதாக, இன்னும் முறைப்பாகத் தெரிந்தது.

"அம்மா கோபமா இருக்காங்க," என்றாள் மனைவி.

மறுநாள் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"எங்கம்மாவை ஏன் மறைக்கிறீங்க?" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். கழற்ற வேண்டியதாயிற்று.

அதன்பிறகு அவள் அவருக்கு இடப்பக்கமாகவே உட்கார ஆரம்பித்தாள். பேச்சும் அந்தக் கண்ணோடுதான்.

"அம்மா, இவர் கடையைச் சீக்கிரம் அடைச்சுட்டு வர்றதே இல்லம்மா. நீங்களாவது கேளுங்க."

நறுக்கிய முடி குத்தியதில் கண் இமைத்தது.

"கேட்டீங்களா, சரின்னுட்டாங்க."

மாமியார் காலமானதும் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போன அந்த நாற்காலி ஒருநாள் திரும்பி வந்து கூடத்தில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. "அம்மாவுக்கு இதுதான் வசதி," என்று அவரை அதில் உட்காரவைத்தாள். உட்கார்ந்ததும் அவர் முகம் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது. யாரும் வரவில்லை.

அப்போதுதான் சொட்டு மருந்தின் மேல் சந்தேகம் வந்தது. கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் கொடுத்தது. சில மாதங்களாக இடது கண்ணுக்கு மட்டும், படுக்கப் போகும்முன் ஒரு சொட்டு. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். கண் வெளுக்கவில்லை. அடுத்த முறை சோதித்தபோது அழுத்தம்தான் எகிறியிருந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? இந்தக் கண்ணு வேணுமா வேண்டாமா?" என்றார் டாக்டரம்மா.

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரம்மா வெளியே உட்கார்ந்திருந்த மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"இதுல ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். ஊறுற அளவுக்கு வடியணும். இவருக்கு வடியுற வழி சரியில்ல. தண்ணி தேங்கி, அழுத்தம் ஏறி, பின்னால இருக்கிற நரம்பு கெடுது."

"மருந்து தண்ணியை வத்த வைக்குமா?"

"இல்ல. நம்ம உடம்புலயே புராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்குது. அதே மாதிரி செஞ்ச மருந்து இது. கண்ணுக்குள்ள இருக்கிற தசை நார்களுக்கு நடுவுல இடம் விடவச்சு, தண்ணி கசிஞ்சு வெளியேற இன்னொரு வழியைத் திறந்துவிடும். கூடவே இமை முடியை வளர்க்கும், பூனைக்கண்ணைக் கறுப்பாக்கும். அவ்வளவுதான்."

"அப்போ எங்கம்மா இல்லையா?"

"இல்ல."

மனைவியின் முகம் தொங்கிப்போனது. கடிகாரக்காரருக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சுவர்க்கண்ணாடியில் அந்தக் கண்ணைத் தைரியமாகப் பார்த்தார். வெறும் கண்தான்.

மருந்து போட வந்த நர்ஸம்மா மனைவியையே உற்றுப் பார்த்தார். "உங்க ஜாடையில ஒரு அம்மா இங்க வருவாங்க. பக்கத்து வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு. கடிகாரக் கடைக்காரர் மாமியார்னு சொல்லுவாங்க."

"எங்கம்மாவா? அவங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லையே. எல்லாரையும் பார்த்துக்கிட்டேதானே உட்கார்ந்திருப்பாங்க?"

"வீட்ல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. இது பரம்பரையா வர்றது, நீங்களும் இன்னைக்கே சோதிச்சுக்குங்க. அவங்களுக்கும் இடது கண்ணுக்கு இதே மருந்துதான், ஆனா ரொம்பத் தாமதம். உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு கண்ணுலயும் வெளிச்சம், இருட்டு தவிர எதுவும் தெரியல." நர்ஸம்மா கடிகாரக்காரரின் தலையைப் பின்னால் சாய்த்து, இமையை இழுத்துப் பிடித்தார். "எப்படியாவது ஒரு தடவை மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துடணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."