வாயில் படாமல் முக்குளித்தவர்

கடலுக்குள் இறங்கியவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் ஒரு பெருமையும் இல்லை. மீன்கள்கூட அதைச் செய்கின்றன. கால் நனையாமல் கடலின் அடித்தளம்வரை போய்வந்தவர், நமக்குத் தெரிந்து, மயிலாப்பூர் வேதாந்தம் ஒருவர்தான். அவரை நிறுவனத் தலைவராகவும் நிரந்தரத் தலைவராகவும் கொண்டு இயங்கிய 'மயிலை ஆழ்கடல் சபா' தொண்ணூறுகளின் நடுவில் ஆற்றிய தொண்டை வரலாறு மறக்காது. மறந்து தொலைத்துவிடப் போகிறதே என்றுதான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சபா பிறந்ததற்குக் காரணம் கேபிள் டி.வி. தெருவுக்குத் தெரு கம்பி இழுத்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதுகில் சிலிண்டரோடு ஒரு வெள்ளைக்காரர் பவளப் பாறைகளுக்கு நடுவே மிதப்பதை வேதாந்தம் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சுலோச்சனாவும் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே காட்சியைத்தான். வேதாந்தத்துக்கு அதில் ஒரு சபா தெரிந்தது. சுலோச்சனாவுக்கு மீன் தெரிந்தது.

சுலோச்சனா மந்தைவெளியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் பவளத் தீவு பாடம் எடுப்பாள். நீலச் சாக்பீஸால் போர்டில் ஒரு வளையம் போட்டு, இதுதான் தீவு, நடுவில் இருப்பது கடல் தண்ணீர் என்பாள். "மீனெல்லாம் என்ன கலர் மிஸ்?" என்று எந்தப் பெண்ணாவது கேட்டால், "எல்லாக் கலரும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வளையத்தை அழிப்பாள். அவள் கடலுக்குள் போன அதிகபட்ச தூரம் பெசன்ட் நகரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் மட்டும். ரிட்டயர் ஆவதற்குள் ஒரு தடவை அந்த வளையத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளியில் சொன்னால் சிரிப்பார்களோ என்று உள்ளேயே வைத்துக்கொள்கிற ஆசை.

சபா மாதம் ஒரு சனிக்கிழமை, மாட வீதிக்குப் பின்னால் ஒரு டுடோரியல் மாடியில் கூடியது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, கேசரி. ஒருமுறை பொதுப்பணித்துறையில் கிணறு வெட்டி ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் 'ஆழம்: அன்றும் இன்றும்' என்று பேசினார். இன்னொருமுறை செயலாளர் ராஜகோபாலன் நாற்காலியில் குப்புறப் படுத்து நீச்சல் செய்முறை விளக்கம் தந்தார். உறுப்பினர்களில் நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் சபாவில் கருத்து வேறுபாடு என்பதே கிடையாது.

எல்லாவற்றுக்கும் சிகரம் தலைவரின் 'உயிர்மூச்சைப் பகிர்தல்' என்ற சொற்பொழிவு. கடலடியில் கூட வருகிற ஜோடிக்கு சிலிண்டர் தீர்ந்துவிட்டால், தன் வாயில் இருக்கிற மூச்சுக்குழாயை எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் இரண்டு மூச்சு, இவர் இரண்டு மூச்சு; அப்படியே மாற்றி மாற்றிக் கரைசேர வேண்டும். "இதுக்கு வெள்ளைக்காரன் என்னவோ பேர் வெச்சிருக்கான்," என்று சொல்லி வேதாந்தம் குரலைத் தாழ்த்துவார். "நாம வெச்ச பேர் தாம்பத்யம்." பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். முதல் தடவை கேட்டபோது சுலோச்சனாவுக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

இவ்வளவு பேசிய அந்தப் பெரியவரிடம் ஓர் அபூர்வ ஒழுக்கமும் இருந்தது. பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரமும் அவர் உதட்டைத் தொட்டதில்லை. காபியானாலும் மருந்தானாலும் அண்ணாந்துதான். ஆபீசில் பீங்கான் கோப்பையில் கொடுத்த டீயைக்கூடத் தலைக்கு மேல் தூக்கி, சட்டையில் ஒரு பொட்டு சிந்தாமல் குடித்தார் என்று இன்றும் அந்த இலாகாவில் சொல்வார்கள். எச்சில் விஷயத்தில் வீட்டில் ஒரே ஒரு விதிவிலக்கு. பண்டிகை நாட்களில் அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் சுலோச்சனா உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி. இலை ஓரத்தில் அவளுக்கென்று கொஞ்சம் பாயசம் விட்டுவைப்பார். அவருடைய தாராள மனசுக்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த சபாவில், ஒரு கூட்டத்தின் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ், சுலோச்சனா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் ஒரு தடவை லட்சத்தீவுக்குப் போய் நிஜமாவே முக்குளிச்சுப் பார்க்கலாமே."

மாடியே ஸ்தம்பித்தது. கேசரிப் பொட்டலத்தில் கண்ணாயிருந்த ராஜகோபாலன், வழக்கம்போல, "வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

இப்படித்தான் பீர் முஹம்மது சபாவுக்குள் வந்தார். ராயப்பேட்டைக்காரர். மஸ்கட்டில் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கொட்டிவாக்கத்தில் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் முக்குளிப்புப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அரைப் பரீட்சை லீவில் ஒரு கோஷ்டியைத் தீவுக்குக் கூட்டிப்போவார். குளத்தில் தேறினால்தான் கடல். ஒரு பையிலிருந்து மூச்சுக்குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் நுனியில் இருந்த ரப்பரை செயற்குழு உற்றுப் பார்த்தது.

"இதை எங்கே வெச்சுக்கணும்?" என்றார் வேதாந்தம்.

"வாய்ல சார். பல்லால கடிச்சுக்கணும்."

"இதுக்கு முன்னாடி வேற யாராவது..."

"போன வாரம் ஜெர்மன்காரங்க ரெண்டு பேர் வந்தாங்க சார்."

செயற்குழு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டது. வாயில் படாமல், அண்ணாந்து, சற்று உயரத்திலிருந்து மூச்சு விடுவதற்குச் சாத்தியக்கூறு உண்டா என்று ஆராய அந்த இடத்திலேயே ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

"இன்னா சார் சொல்றீங்க, தண்ணிக்குள்ள அண்ணாந்தா மூக்குல பூடும்," என்றார் பீர் முஹம்மது.

"அது உங்க கருத்து. அறிக்கை வரட்டும்," என்றார் ராஜகோபாலன்.

அறிக்கை வருவதற்குள், ஆளுக்கொரு சொந்த ரப்பர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று பீர் முஹம்மதே வழி சொல்லிவிட்டார். வேதாந்தம் தம்முடையதை வெந்நீரில் போட்டு, மஞ்சள் தடவி, வெள்ளி டப்பாவில் வைத்துக்கொண்டார்.

குளத்துக்குப் பதினைந்து பேர் வேனில் போனார்கள். தண்ணீரில் இறங்கியவர்கள் தலைவரும் அவர் மனைவியும் மட்டுமே. மற்றவர்கள் கரையில் நின்று ஊக்கம் அளித்தார்கள். சுலோச்சனா தி.நகரில் வாங்கிய முதல் சல்வார் கமீஸோடு இறங்கினாள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பீர் முஹம்மதின் மனைவி கைசர் ஜஹான். தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டு, "பயப்படாதீங்க டீச்சர், நான் கைய வுடவே மாட்டேன்" என்று சொல்லிச் சுலோச்சனாவை மெதுவாக உள்ளே அழுத்தினாள்.

தண்ணீருக்குள் சுலோச்சனா முதல் மூச்சை இழுத்தாள். வந்தது. இன்னொன்று இழுத்தாள். அதுவும் வந்தது. புஸ் புஸ்ஸென்று தன் மூச்சின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. எதிரே வேதாந்தம் இருந்தார், ஆனால் பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் அமைதியை அவள் அனுபவித்ததில்லை. வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

தீபாவளி முடிந்த வாரம் குளத்தில் பரீட்சை. மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்துவிடக் கூடாதே என்று ஆழ்கடல் சபா உறுப்பினர்கள் குளக்கரையில் குடை பிடித்து நின்றார்கள்.

"ஒரு குழாய், ரெண்டு பேர்," என்றார் பீர் முஹம்மது. "ரெண்டு மூச்சு நீங்க, ரெண்டு மூச்சு மேடம். அப்டியே மாத்தி மாத்தி அந்தாண்ட போய்க்கினே இருக்கணும். ஜோடில ஒர்த்தர் ஃபெயிலுன்னா ரெண்டு பேரும் ஃபெயில்."

"இதைப் பத்தி நானே ஏகப்பட்ட மேடை பேசியாச்சு," என்றார் வேதாந்தம்.

எழுந்து நின்றால் மார்பளவு தண்ணீர். அதற்குள் இருவரும் முட்டிபோட்டார்கள். சுலோச்சனா தன் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மூச்சு இல்லை என்று கழுத்தில் கைவைத்துக் காட்டினாள். வேதாந்தம் சற்றும் தயங்காமல் தம் குழாயை எடுத்து அவளிடம் நீட்டினார். அந்தக் கம்பீரத்தைப் பார்த்துக் குடைகளுக்கு அடியில் கைதட்டல் எழுந்தது. அவள் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வேதாந்தம் ரப்பரைப் பார்த்தார். கட்டைவிரலால் துடைத்தார். தண்ணீருக்குள்ளேயே அதைத் தண்ணீரில் அலசினார். அப்புறம், ஆயுசு முழுக்கச் செய்ததை ஒருகணம்கூட யோசிக்காமல் செய்தார். தலையைப் பின்னால் சாய்த்து, குழாயை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்து அண்ணாந்தார்.

காற்று குமிழிகளாக மேலே போனது. குளம் உள்ளே போனது.

இருமி முடித்து அவர் நிமிர்ந்தபோது பீர் முஹம்மது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "குடுக்கசொல்லோ சூப்பரா குடுத்தீங்க சார். வாங்கசொல்லோதான் சொதப்பிட்டீங்க."

"பழக்கதோஷம்," என்றார் வேதாந்தம்.

சுலோச்சனா முகமூடியைக் கழற்றினாள். "ஏன்னா, என் வாய் பட்டதுனாலயா?"

"எச்சில்னா எச்சில்தானே சுலோ. யாரோடதா இருந்தா என்ன, நான் பாரபட்சம் பார்க்கறதில்லை."

"போன வாரம் தீபாவளிக்கு உங்க இலையிலதானே நான் சாப்பிட்டேன்."

"அது சம்பிரதாயம். இது ரப்பர்." துண்டை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டார். "விடு. தீவு எங்கே ஓடிப்போறது? ஆத்துக்குப் போய் சூடா ரசம் சாப்பிடலாம்."

நீலச் சாக்பீஸ் வளையம் அழிந்துகொண்டிருப்பது சுலோச்சனாவுக்குக் கண்முன்னால் தெரிந்தது. கரையில் இருந்த குடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாக் குடையும் கொஞ்சம் தாழ்ந்தது.

"வேற யார்கூடயாவது பண்ணிக் காட்டலாமா?" என்று பீர் முஹம்மதைக் கேட்டாள்.

"பண்லாம் மேடம். ஆனா ஆளு வோணுமே."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கைசர் ஜஹான் எழுந்து தலைத்துணியை முடிந்துகொண்டாள். "வாங்க டீச்சர்."

"சுலோ," என்றார் வேதாந்தம். "கொஞ்சம் யோசிச்சுப் பண்ணு."

அவள் அதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டாள். கைசர் ஜஹான் கொடுத்த ரப்பரில் லேசாகக் கிராம்பு ருசி இருந்தது. இரண்டு மூச்சு. கொடுத்தாள். கைசர் ஜஹான் துடைக்கவில்லை, அலசவில்லை. வாங்கி அப்படியே கடித்துக்கொண்டாள். இரண்டு மூச்சு. திருப்பிக் கொடுத்தாள். பாதிக் குளம் தாண்டும்போது சுலோச்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது. தன் வாய் பட்டதை இன்னொருவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முகமூடிக்குள் கண்ணீர் சேர்ந்தது. தண்ணீர் சேர்ந்தால் மூக்கால் ஊதித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்துவிட்டு, எதிர்ச்சுவரைத் தொட்டாள்.

அரைப் பரீட்சை லீவில், கொச்சியிலிருந்து கப்பலேறி, வளையத்துக்குள் இறங்கினாள். அங்கே மீன்கள் இருந்தன. ஒரு மீன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, இவள் யாரடா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. அதன் கலருக்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை. இனிமேல் எந்தப் பெண் கேட்டாலும், தெரியாது என்று தைரியமாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இங்கே சபாவும் சும்மா இருக்கவில்லை. "குளத்தின் ஆழம் தலைவரின் தகுதிக்குப் போதவில்லை" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. சபாவைத் தீவு வரைக்கும் கொண்டுசென்றதற்காகத் தலைவருக்குப் பாராட்டு விழா எடுப்பதென்றும் முடிவாயிற்று. பொங்கலன்று, பூஜையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, வேதாந்தம் விழாவுக்குப் போனார். சுலோச்சனா வரவில்லை, சமையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். 'உயிர்மூச்சைப் பகிர்தல்' அன்று அமைந்ததுபோல் என்றும் அமையவில்லை. ராஜகோபாலன் விக்கி விக்கி அழுதார். பொன்னாடை போர்த்தினார்கள்.

நல்ல பசியோடு, பொன்னாடையும் தோளுமாக, வேதாந்தம் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் இலை போட்டிருந்தது. உட்காரப் போனவர் அப்படியே நின்றார். இலையில் சாம்பார் ஓடிக் காய்ந்திருந்தது. கறிவேப்பிலை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பாயசம் இருந்தது.

"இதுல யாரோ சாப்பிட்டிருக்காளே."

"நான்தான்." சுலோச்சனா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பசிச்சுது, உட்கார்ந்துட்டேன்."

"அப்போ என் இலை?"

"அதேதான். பாயசம் விட்டு வெச்சிருக்கேன் பாருங்கோ."

"என்ன விளையாட்டு இது, சுலோ?"

"விளையாட்டு இல்லைன்னா. ரெண்டு மூச்சு நீங்க, ரெண்டு மூச்சு நான். இத்தனை வருஷமா நீங்களே முதல்ல எடுத்துண்டேள். இன்னிக்கு நான் எடுத்துண்டு, உங்ககிட்ட குடுத்துட்டேன். உட்காருங்கோ, பரிமாறறேன்."

பக்கத்து வீட்டு டி.வி.யில் பண்டிகைப் பட்டிமன்றத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். வேதாந்தம் இலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார். அவள் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கெல்லாம் உயிர்மூச்சைப் பகிரக் கற்றுக்கொடுத்த அந்த மகான், அன்று பொழுது சாயும்வரை கொலைப்பட்டினி கிடந்தாரே ஒழிய, அந்த இலையில் மட்டும் உட்காரவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறோம்.